ஃப்ரிட்ஜுக்குப் போட்ட பூட்டு

இல்ல, நீங்களே சொல்லுங்கண்ணே, ஒரு ஃப்ரிட்ஜ பூட்டி வச்சது ஒரு குத்தமா? ஊரு உலகத்துல யாரும் பூட்டாததயா நான் பூட்டிட்டேன்? வீட்டப் பூட்டுறோம், வண்டியப் பூட்டுறோம், ஆட்டுப் பட்டியப் பூட்டுறோம்... நான் ஒரு ஃப்ரிட்ஜ பூட்டுனேன். அதுக்கு மூணு பேரு ஒரு மேசைக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு, காலைல எட்டு மணிலேருந்து என்னய... சரி, விடுங்க. அந்த மூட்டைய இப்படி என் கால் பக்கம் தள்ளிக்குங்க, பரவால்ல. இந்தக் காலு ஏற்கெனவே வீங்கித்தான் கெடக்கு. இருபத்தஞ்சு வருஷம் நின்னுக்கிட்டே வேல பாத்த காலு.

எங்க, கான்சிக்கா போறீங்க? நல்லது, நல்லது. நான் அதுக்கு முன்னாடியே எறங்கிடுவேன். மொக்கோபா. மாட்டு நோய்க்காகப் போட்ட வேலி இருக்குல்ல, அந்த வேலி கேட்டு தாண்டி நாப்பது கிலோமீட்டர். ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிளினிக்கு, மிச்சமெல்லாம் கழுத. அங்க வந்து சிஸ்டர் கெலெபோன்யேன்னு கேட்டா கழுத கூட வழி காட்டும். கிளினிக்குக்குப் பொறுப்பு நான்தான். பொறுப்புன்னா... இன்னிக்குக் காலைல வரைக்கும் முழுசா நான்தான். இப்ப கொஞ்சம் கொறஞ்சிருக்கு. வர்றேன், அதுக்கு வர்றேன்.

நர்ஸுன்னா சாதா நர்ஸு இல்லண்ணே. பெருமைக்காகச் சொல்லல... சே, பெருமைக்காகத்தான் சொல்றேன், உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. எங்க கிளினிக்குல டாக்டரு கெடயாது. மாசத்துக்கு ஒரு தடவ ஒருத்தர் வருவாரு, மண்ணுல வண்டி புதைஞ்சா அதுவும் இல்ல. அதனால நோயப் பாக்குறது நான், இன்ன நோயின்னு முடிவு பண்றது நான், மருந்து எழுதுறது நான், மவுன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணுமா வேண்டாமான்னு சொல்றது நான். அதுக்குன்னு தனிப் படிப்பு இருக்கு. நர்ஸா இருபது வருஷம் ஓட்டிட்டு, அப்புறம் ஒண்ணரை வருஷம் பள்ளிக்கூடத்துப் புள்ளயாட்டம் பெஞ்சுல உக்காந்து படிச்சேன். இந்தக் கண்ணாடி வாங்குனது அப்பத்தான்.

அங்க எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. காதுக்குள்ள எப்படிப் பாக்குறது, நெஞ்சுல கொழாய எங்கெங்க வைக்கிறது, வயித்தத் தட்டுனா என்ன சத்தம் வரணும்... எல்லாம். ஆனா நாளைக்கு நீ ஒரு கிளினிக்குக்குத் தலையா போவ, ஏழு பேரு உனக்குக் கீழ இருப்பாங்க, அவங்கள எப்படி வச்சு வேல பாக்குறதுன்னு ஒரு பாடம் இருந்துச்சு. புத்தகத்துல கடைசிப் பாடம். பரீட்சைல வராதுன்னு சொன்னாங்க. நானும் படிக்கல.

படிக்காம வந்துட்டு, வந்த மொத வாரமே ஃப்ரிட்ஜத் தொறக்குறேன். மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜுண்ணே. பிரசவ ரூம்ல இருக்கு. கொழந்தைங்க தடுப்பூசி ஒரு பக்கம், பிரசவம் ஆன பொம்பளைங்களுக்கு ரத்தம் நிக்கறதுக்குப் போடுற ஊசி மருந்து ஒரு பக்கம், நடுவுல... நடுவுல ஒரு லிட்டர் புளிச்ச பாலு! மூடி கூடச் சரியா மூடல. நான் போட்ட சத்தத்துல வெளிய ஊசிக்கு வந்த கொழந்தை எல்லாம் ஊசி போடாமலே அழுதுச்சு. "யாருது இது? யாருதுன்னு கேக்குறேன்!" ஏழு பேரும் சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்குறாங்க. அன்னிக்கே கடைக்குப் போயி பூட்டு வாங்கி, கொண்டி அடிச்சு, பூட்டிட்டேன்.

நெருங்கி வாங்கண்ணே, ஒண்ணு சொல்றேன். நாலு நாளு கழிச்சு வீட்டுல எதயோ தேடுறப்ப ஞாபகம் வந்துச்சு. அந்தப் பாலு என்னுது.

சிரிக்கிறீங்க. சிரிங்க. அப்பவே நானும் சிரிச்சிருக்கணும். சிரிச்சுட்டுப் பூட்டக் கழட்டியிருக்கணும். ஆனா எப்படிண்ணே கழட்டுறது? பூட்டு போட்டாச்சு, சத்தம் போட்டாச்சு, செவப்பு மையில எழுதி ஒட்டியாச்சு: 'பொறுப்பாளர் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.' எழுதுனா என் கையெழுத்து நல்லா இருக்கும், எல்லாரும் சொல்வாங்க. ஒண்ணு எழுதி ஒட்டுனதும் இன்னொண்ணு எழுதத் தோணிடுச்சு. மருந்து அலமாரில ஒண்ணு. பஞ்சு டப்பால ஒண்ணு. செவுத்துல மாட்டியிருக்கிற தீயணைக்கிற சிலிண்டர்ல ஒண்ணு. ஆமா, அதுலயும்தான். தீப் புடிச்சா மொதல்ல என்கிட்ட வந்து கேக்கணும். என் ரூம் கதவுல பெருசா ஒண்ணு: 'கூட்டம் நடக்கும்போது தட்டக்கூடாது.'

அப்புறம் பாருங்க, எனக்குக் கோவம். யாருக்கும் பொறுப்பே இல்லயேன்னு கோவம்! ஒருத்தி வந்து, சிஸ்டர், பஞ்சு வேணும், கையெழுத்துப் போடுங்கன்னு நிப்பா. இன்னொருத்தி, சிஸ்டர், கையுறை எந்த அளவு எடுக்குறதுன்னு கேப்பா. சாப்பாட்டுக்குப் போகலாமா சிஸ்டர், ஜன்னலத் தொறக்கலாமா சிஸ்டர்... வெளிய ரத்தக் கொதிப்புக்காரங்க வெயில்ல வரிசையா உக்காந்திருப்பாங்க. அவங்களப் பாக்கத்தான் அரசாங்கம் எனக்கு ஒண்ணரை வருஷம் படிப்பு குடுத்துச்சு. நான் உள்ள உக்காந்து பஞ்சுக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருப்பேன். ரத்தக் கொதிப்புக்காரங்களுக்குக் கொதிக்கிதோ இல்லயோ, எனக்குக் கொதிச்சுக்கிட்டே இருக்கும். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரருகிட்ட பொலம்புவேன், எல்லாத்தயும் நான் ஒருத்தியேதான் சொமக்க வேண்டியிருக்குன்னு. அவரு அமைதியா கேப்பாரு. உங்கள மாதிரிதான், நல்லா கேக்குறவரு.

அப்பத்தான் செதுன்யா வந்தா. பதினோரு மாசம் முன்னாடி. இருபத்தாறு வயசு. பிரசவம் பாக்குறதுல நல்ல பயிற்சி. ஒரு வருஷ ஒப்பந்தத்துல வேலை, அது முடிஞ்சா நீட்டிக்கணும், நான் எழுதிக் குடுத்தாத்தான் நீட்டிப்பாங்க. பேச மாட்டா. நான் ஒரு வாக்கியம் ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ ஒரு புள்ளயக் குளிப்பாட்டி எட போட்டுடுவா. அது எனக்குப் புடிக்கல. ஏன்னு கேக்காதீங்க, புடிக்கல அவ்வளவுதான்.

ஒரு நாளு வயித்தால போயி வாடிப்போன ஒரு கொழந்தையத் தூக்கிட்டு வந்தாங்க. இவ பாத்தா, உடனே டிரிப்பு ஏத்திட்டா. கொழந்தை சாயங்காலம் எந்திரிச்சு உக்காந்து பிஸ்கட்டு கேக்குது. நான் என்ன பண்ணணும்? சபாஷ்னு சொல்லணும். நான் எல்லாரு முன்னாடியும், நோயாளிங்க முன்னாடியும், அவள நிக்க வச்சு, "என்னய ஏன் கேக்கல?"ங்குறேன்.

"கேக்கத்தான் வந்தேன் சிஸ்டர். நீங்க கூட்டத்துல இருந்தீங்க."

"கூட்டத்துல இருந்தா என்ன? கதவத் தட்ட வேண்டியதுதான?"

"தட்டக்கூடாதுன்னு ஒட்டியிருக்கு சிஸ்டர்."

வரிசைல ஒரு கிழவரு சிரிச்சுட்டாரு. சத்தமா. அவருக்கு நான் மூணு வருஷமா மாத்திர குடுக்குறேன். அந்தச் சிரிப்பு என் காதுலயே நின்னுடுச்சுண்ணே. அன்னிக்குச் சாயங்காலமே புதுசா ஒரு சட்டம் எழுதி ஒட்டுனேன்: எந்த ஊசி போடுறதா இருந்தாலும் மொதல்ல எனக்குப் போன் பண்ணணும்.

இதுல கூத்து என்னன்னா... கூத்த கேளுங்க. மேல இருந்து லெட்டர் வருது. தலைநகரத்துல, கபரோனில, மூணு நாளு பயிற்சியாம். எதுக்குப் பயிற்சி? என்னய மாதிரி மேல்படிப்பு படிச்ச நர்ஸுங்க எல்லாம் நல்ல தலைவரா ஆகுறதுக்குப் பயிற்சி! நான் அத ஃப்ரேம் போட்டு மாட்டாத கொறதான். ஏழு பேரையும் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டுனேன். கெளம்புற அன்னிக்கு ஃப்ரிட்ஜு சாவிய எடுத்து, செதுன்யா மூஞ்சிக்கு நேரா இப்படி ஆட்டிக் காட்டி, "இது என்கிட்ட பத்திரமா இருக்கு. எதா இருந்தாலும் போன் பண்ணு"ன்னு சொல்லிட்டுக் கைப்பைல போட்டுக்கிட்டேன்.

"நீங்க இல்லாதப்ப பிரசவம் வந்தா சிஸ்டர்?"ன்னு கேட்டா.

"போன் எதுக்கு இருக்கு?"ன்னேன்.

போன் எதுக்கு இருக்கு. கபரோனில கூடத்துக்குள்ள நொழஞ்சதும் ஒரு கூடை வச்சாங்கண்ணே. எல்லாரும் போன் சத்தத்த அணைச்சு அதுல போடுங்க, மனசு இங்கயே இருக்கட்டும்னாங்க. நான்தான் மொத ஆளாப் போட்டேன். மத்தவங்க போடுறாங்களான்னு கூட நின்னு பாத்தேன்.

ரெண்டாம் நாளு பதினோரு மணி. பயிற்சி குடுக்குற அம்மா சொல்றாங்க, ஒருத்தர் நாற்காலி மேல ஏறி நின்னு, கண்ண மூடிக்கிட்டு, அப்படியே பின்னால சாயணும். கீழ ஆறு பேரு கையக் கோத்துக்கிட்டு நின்னு புடிப்பாங்க. கூட இருக்கிறவங்கள நம்பக் கத்துக்கணுமாம். யாரு மொதல்லன்னாங்க. நான்தான். வேற யாரு? ஏறி நின்னேன். என் ஒடம்பப் பாத்து அந்த ஆறு பேருல ரெண்டு பேரு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. நான் கண்ண மூடணும்ல? மூடல. திரும்பித் திரும்பிப் பாக்குறேன். "நீ கொஞ்சம் எடது பக்கம் தள்ளி நில்லு. நீ குட்டை, நீ நடுவுல வா. நீ கால அகட்டு..." நாற்காலி மேல நின்னுக்கிட்டே ஆறு பேருக்கும் உத்தரவு போட்டுக்கிட்டு இருக்கேன். கூடமே சிரிக்குது. கடைசில அந்த அம்மா, அக்கா, நீங்க கீழ எறங்கி வாங்க, அடுத்தவங்க ஏறட்டும்னு சொல்லிட்டாங்க. நான் சாயவே இல்லண்ணே. ஆனா சான்றிதழ் குடுத்தாங்க. எல்லாருக்கும் குடுப்பாங்க போல.

அதே பதினோரு மணிக்கு மொக்கோபால என்ன நடந்துச்சுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். துப்புரவு வேல பாக்குற பசாடி சொன்னா. நமெட்சோன்னு ஒருத்தி, மூணாவது பிரசவம், நடந்தேதான் வந்திருக்கா. புள்ள சுளுவாப் பொறந்துடுச்சு. பொண்ணு. நஞ்சுக்கொடியும் முழுசா வந்துடுச்சு. ஆனா ரத்தம் நிக்கல. அது எப்படிப் போகும்னு நீங்க பாத்திருக்க மாட்டீங்க, பாக்கவும் வேண்டாம். அடில விரிச்ச துணி நனைஞ்சு, படுக்கை நனைஞ்சு, தரைல சொட்டு... உள்ள கர்ப்பப் பை சுருங்கணும். அது சுருங்குறதுக்குத்தான் அந்த ஊசி. அந்த ஊசி ஃப்ரிட்ஜுல. ஃப்ரிட்ஜுல பூட்டு. சாவி கபரோனில, எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, நான் நாற்காலி மேல.

செதுன்யா ஒரு கையால அவ வயித்த அமுக்கித் தேய்ச்சுக்கிட்டே, இன்னொரு கையால எனக்குப் போன் பண்ணியிருக்கா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ இல்ல. சாப்பாட்டு வேளைல கூடைலேருந்து போன எடுத்துப் பாத்தேன்... பதினோரு அழைப்பு. பதினோரு மணிக்குப் பதினோரு அழைப்பு. அதுவும் எல்லாம் நாலு நிமிஷத்துக்குள்ள.

அப்புறம் அவ போன வச்சுட்டா. பசாடிய கூப்பிட்டு, "வாங்கக்கா, இங்க கை வைங்க, இப்படி, விடாம அமுக்குங்க"ன்னு சொல்லிட்டு, செவுத்துல இருந்த தீயணைக்கிற சிலிண்டர எடுத்தா. பசாடி சொல்றா, "சிஸ்டர் தொடக்கூடாதுன்னு எழுதியிருக்காங்களே"ன்னு நான் வாயத் தொறந்தேன், அதுக்குள்ள அவ அடிச்சுட்டான்னு. ரெண்டே அடி. கொண்டி, பூட்டு, ஃப்ரிட்ஜு கதவோட ஒரு மூலை... எல்லாம் போச்சு. ஊசி போட்டா. ரெண்டு கைலயும் டிரிப்பு ஏத்துனா. வண்டிய வரவச்சு, மவுன் வரைக்கும் அவளே கூடப் போனா, கை வயித்து மேலயே. டாக்டரு பாத்துட்டு, சரியான நேரத்துல ஊசி போட்டிருக்கன்னு அவகிட்ட சொன்னாராம். நமெட்சோ பொழச்சுட்டா. நல்லா இருக்கா. போன வாரம் கூட கடைல பாத்தேன், புள்ளய முதுகுல கட்டிக்கிட்டு சக்கரை வாங்குனா. எனக்கு வணக்கம் சொன்னா. நான் பக்கத்துல இருந்த மாவு மூட்டைக்கு வணக்கம் சொன்னேன், அவ மூஞ்சியப் பாக்க முடியல.

நான் திரும்பி வந்தேன். கைல சான்றிதழு. பிரசவ ரூமுக்குள்ள போறேன், ஃப்ரிட்ஜு கதவு வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு, துணிய வச்சுக் கட்டியிருக்காங்க. மொத வார்த்தை என்ன கேட்டேன் தெரியுமாண்ணே? நீங்க நல்ல மனுசன், நல்லதா எதாவது நெனப்பீங்க. நான் கேட்டது, "யாரு ஒடச்சது?"

பசாடி தொடப்பத்தக் கீழ வச்சுட்டு, "நமெட்சோ பொழச்சுட்டா சிஸ்டர்"ன்னா.

"நான் அத கேக்கல"ன்னேன்.

ம்... ஆமா. அப்படித்தான் சொன்னேன். எனக்கே இப்ப சொல்றப்ப... தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க.

சரி, அன்னிக்கு ராவெல்லாம் யோசிச்சுட்டு மனசு மாறியிருப்பேன்னு நெனைக்கிறீங்க. மாறியிருக்கும், சத்தியமா மாறியிருக்கும்... அந்தக் கோழி வராம இருந்திருந்தா. மறுநாள் காலைல நமெட்சோ வீட்டுக்காரன் ஒரு கோழியத் தூக்கிக்கிட்டு வந்தான். நல்ல செவப்புக் கோழி, நாலு கிலோ தேறும். நேரா என் ரூமத் தாண்டிப் போறான். நான் கதவுலதான் நிக்குறேன். என்னத் தாண்டிப் போயி செதுன்யா கைல குடுக்குறான். வரிசைல இருந்த ஜனமெல்லாம் கையத் தட்டுது, பொம்பளைங்க குலவ போடுறாங்க. அந்தக் கிழவரும் தட்டுறாரு, நான் மாத்திர குடுக்குற கிழவரு! மூணு வருஷமா நான் அங்க பொறுப்பு. எனக்கு ஒரு முட்ட கூட யாரும் குடுத்ததில்லண்ணே. ஒரு முட்ட!

உள்ள போயி உக்காந்தேன். மூணு நகலா ஒரு புகார் எழுதுனேன், மாவட்ட ஆபீசுக்கு. அரசாங்கச் சொத்தச் சேதப்படுத்துனது. உத்தரவ மீறுனது. கையெழுத்து அவ்வளவு அழகா வந்துச்சு. அதோட விட்டனா? சாவி எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்கல்ல. 'சாவி அலுவலக மேசை இழுப்பறையில் இருந்தது, தேடிப் பார்க்கவில்லை'ன்னு எழுதுனேன். எழுதி முடிச்சு, கைப்பைலேருந்து சாவிய எடுத்து இழுப்பறைல போட்டுட்டு, இழுத்துப் பாத்துக்கிட்டேன், இருக்கான்னு. இருந்துச்சு. அப்ப உண்மதானே?

ஏன் அப்படிப் பாக்குறீங்க? அந்த மூணு பேரும் அப்படித்தான் பாத்தாங்க.

இன்னிக்குத்தான் விசாரண. மவுன்ல. மேட்ரன் டிகாங் நடுவுல, ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு. மேட்ரனுக்கு கண்ணாடி மூக்கு நுனில இருக்கும், அதுக்கு மேல பாத்தாங்கன்னா எலும்பு வரைக்கும் தெரியும். அந்தப் புள்ள செதுன்யா நிக்குறா, இஸ்திரி போட்ட வெள்ளச் சட்ட. நான் நாற்காலில. என் மனசுல ஒரு பயம், அவ எல்லாத்தயும் சொல்லிடுவா, சாவிய மூஞ்சில ஆட்டுனத சொல்லிடுவா, பதினோரு போன சொல்லிடுவான்னு. சொல்லட்டும், அவ வார்த்தைக்கு எதிரா என் வார்த்தைன்னு தயாரா உக்காந்திருக்கேன்.

மேட்ரன் கேக்குறாங்க, "சாவி இழுப்பறைல இருந்துச்சுன்னு உங்க பொறுப்பாளர் எழுதியிருக்காங்க. நீ ஏன் பாக்கல?"

அவ என்னப் பாத்தா. ஒரே ஒரு தடவ. அப்புறம் தரையப் பாத்து சொல்றா, "பாக்கலம்மா. எனக்குத் தோணல. என் தப்புதான்."

அண்ணே... அவ ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. இந்த மாதிரி ஒரு தப்பு காகிதத்துல ஏறுனா அவளுக்கு இந்த மாவட்டத்துல வேல கெடயாது. அவளுக்கு நல்லாத் தெரியும், சாவி என் பைல இருந்துச்சுன்னு. மொக்கோபால இருக்கிற கழுதைக்கும் தெரியும். ஏன் அப்படிச் சொன்னா? பயமா? இல்ல... ரெண்டு அடில பூட்ட ஒடச்சவளுக்கு பயமா? எனக்கு ஒரு அவமானம் வரக்கூடாதுன்னா? எனக்கு எதுக்கு அவ... நான் அவளுக்கு என்ன பண்ணியிருக்கேன்?

மேட்ரன் பேனாவ எடுத்து எழுதப் போறாங்க. என் வாயப் பத்தி உங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். அந்த வாயி, அந்த நேரம் பாத்து, தொறக்கல. பேனா காகிதத்துல படுது. நான் எந்திரிச்சேன். எந்திரிச்ச வேகத்துல நாற்காலி பின்னால விழுந்துச்சு. "சாவி என் பைல இருந்துச்சு. கபரோனிக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். இழுப்பறைன்னு எழுதுனது பொய்." அவ்வளவுதான். மூணு வாக்கியம். என் ஆயுசுலயே இவ்வளவு சுருக்கமா நான் பேசுனதில்ல.

அப்புறம் மேட்ரன் பேசுனாங்க. அது சுருக்கமா இல்ல. எல்லாத்தயும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன், எனக்கும் மானம் இருக்கு. ஒண்ணு மட்டும். "ஒரு ஊருக்கே டாக்டரு மாதிரி இருன்னுதான் உன்னப் படிக்க வச்சோம். நீ பஞ்சு டப்பாவுக்குக் காவல் இருந்திருக்க"ன்னாங்க. எனக்கு எழுத்துல ஒரு எச்சரிக்கை. செதுன்யா மேல போட்ட புகாரக் கிழிச்சாச்சு, அவ ஒப்பந்தத்துக்கு மேட்ரனே கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே பிரசவ ரூமுக்கு அவதான் பொறுப்பு. அந்த ரூமுக்குள்ள எனக்கு எதாவது வேணும்னா நான் அவகிட்ட கேக்கணும். பஞ்சு வேணும்னாலும்!

அது சரிதாண்ணே. சரின்னு எனக்கே தெரியுது. அது இல்ல என் கஷ்டம். என் கஷ்டம்... திரும்பிப் பாக்காதீங்க. சொல்லிட்டேன், திரும்பக் கூடாது. முன்னால மூணாவது வரிசைல, மஞ்சத் துணி தலைல கட்டிக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கா பாருங்க... பாக்காதீங்கன்னா பாக்குறீங்களே! அவதான். செதுன்யா. ஒரே ஊரு, ஒரே பஸ்ஸு, வேற எதுல வருவா? பஸ் ஸ்டாண்டுல அவளுக்குக் குடுக்கலாம்னு ரெண்டு பொரிச்ச ரொட்டி வாங்குனேன். அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. குடுத்துட்டு ஒரு வார்த்தை பேசலாம்னு. அவ பக்கத்து எடம் காலியாத்தான் இருந்துச்சு. அத தாண்டி நடந்து வந்து உங்க பக்கத்துல உக்காந்துட்டேன். ரெண்டு ரொட்டியயும் நானே தின்னுட்டேன்.

நன்றின்னு சொல்றதா, மன்னிச்சுக்கோன்னு சொல்றதா? ரெண்டுல எத மொதல்ல சொல்றது? அதுக்குப் பயிற்சில ஒண்ணும் சொல்லலயே. இவ்வளவு நேரம் உங்ககிட்ட பேசுனேனே, ஊரு பேரு கூடத் தெரியாத உங்ககிட்ட, அதுல பத்துல ஒரு பங்கு அவகிட்ட...

என்ன, நின்னுடுச்சு? ஓ, வேலி கேட்டு வந்துடுச்சா. எறங்கணும்ணே, எல்லாரும் எறங்கணும், சலவைச் சோடாத் தண்ணில நனைச்ச அந்தப் பாய்ல செருப்ப மிதிச்சுட்டுத்தான் ஏறணும். மாட்டுக்கு நோய் வராம இருக்க. உங்க மூட்டைல பச்சைக் கறி எதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் அவங்க கிண்டிப் பாத்தா பஸ்ஸு ஒரு மணி நேரம் நிக்கும். இல்லயா? நல்லது. மெதுவா, மெதுவா. நீங்க முன்னாடி போங்க, என் காலு... வர்றேன், நான் வர்றேன்.

...

அப்பாடா. இந்தப் படி ஏன் இவ்வளவு ஒசரமா வைக்கிறானுங்களோ. அண்ணே! அண்ணே, நம்ம எடம் இங்க! இந்தப் பக்கம்... உங்க மூட்ட இங்கதான இருக்கு... ஓ, எடுத்துட்டுப் போயிட்டீங்களா. எப்ப எடுத்தீங்க? அண்ணே, அது உங்க எடம் இல்ல, மூணாவது வரிச, அங்க அந்தப் புள்ள உக்காந்திருந்துச்சு. அவ பக்கத்து எடத்துலயும் ஆளு ஏறிடுச்சு. நீங்க அங்க உக்காந்துட்டா அவ எங்க உக்காருவா? பஸ்ஸே நெறஞ்சிருக்கு, வேற ஒரு எடமும்...

...ஓ.

தூங்குறாரு. உக்காந்த மாத்திரத்துல தூங்குறாரு, பாரேன்.

செதுன்யா. இல்ல, நிக்காத. நாப்பது கிலோமீட்டர் நின்னுக்கிட்டா வருவ? இங்க வா. இங்கதான் ஒண்ணு காலி இருக்கு. ஒரு பெரியவரு இருந்தாரு, போயிட்டாரு. எல்லாத்தயும் அவருகிட்ட... ஒண்ணுமில்ல. உக்காரு. என் பைய எடுத்துக்கிறேன், உக்காரு.

மன்னிச்சுக்கோ.

சொல்லிட்டேன். அதுதான் மொதல்ல. இன்னொண்ணும் இருக்கு, நன்றின்னு ஒண்ணு, அதயும் சொல்லிட்டேன்னு வச்சுக்க. ஏன் அப்படிச் சொன்ன, இழுப்பறைய பாக்கலன்னு? உன் வேல போயிருக்குமே, பைத்தியக்காரப் புள்ள, நீ என்ன நெனச்சுக்கிட்டு... இல்ல. இரு. நான் கேள்வியும் கேட்டு பதிலயும் நானே சொல்லிடுவேன், என்னய எனக்குத் தெரியும்.

நீ சொல்லு. ஊரு வர்ற வரைக்கும் நான் வாயத் தொறக்கல.

சரி, பாதி தூரம் வரைக்கும்.

சொல்லும்மா.